பி.எச்டி தலைப்பு: புது வினையூக்கி செய்வதா, நிக்கல் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதா?

எல்லைக்காற்று (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டேன். நெட் ஜே.ஆர்.எஃப். கிடைத்திருக்கிறது. பச்சை ஹைட்ரஜனுக்காக, அதாவது காற்றாலை, சோலார் மின்சாரத்தில் எடுக்கும் ஹைட்ரஜனுக்காக, தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் வேலையில், அதாவது மின்வினையூக்கத்தில், பி.எச்டி சேரப் போகிறேன். கைடாக வரப் போகிறவர் இரண்டு தலைப்பு சொல்லி, யோசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

முதல் தலைப்பு அந்த லேபில் ஏற்கனவே ஓடுகிற வேலை. நிக்கல் ஃபோம் (நுரை மாதிரி ஓட்டைகள் உள்ள நிக்கல்) மேல் இரும்பு, கோபால்ட், சல்ஃபைடு, பாஸ்ஃபைடு என்று வளர்த்து, ஹைட்ரஜன் பக்கமும் ஆக்ஸிஜன் பக்கமும் ஒரே வினையூக்கி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. சீனியர்கள் எல்லாரும் இதில் சீக்கிரமே பேப்பர் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கரண்ட் விட்டு விட்டு வரும்போது நிக்கல் மின்வாய்கள் எப்படிக் கெடுகின்றன என்பது. காற்றாலையிலும் சோலாரிலும் எலக்ட்ரோலைசரை, அதாவது தண்ணீரைப் பிரிக்கும் கருவியை, ஓட்டினால் இதுதான் நடக்கும். அந்த லேபில் இதை யாரும் தொட்டதில்லை.

என் மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. கஞ்சிக்கோட்டுப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும், அது ஓய்ந்தால் இறக்கைகள் எப்படிச் சும்மா நிற்கும் என்று தெரியும். ஆனால் பேப்பர் வராமல் நாலைந்து வருஷம் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

நிக்கல்நுரை

தங்கச்சி, வாழ்த்துகள். நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) படித்தவன், இப்போது வெளியூரில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டிக்குப் பிந்தைய ஆய்வாளர். இரண்டாவதை எடுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

தண்ணீரைப் பிரிக்கக் கொள்கை அளவில் 1.23 வோல்ட் போதும். வெளியிலிருந்து வெப்பம் கொடுக்காமல் பிரிக்க 1.48 வோல்ட் வேண்டும். நடைமுறையில் எலக்ட்ரோலைசர் 1.8 முதல் 2 வோல்ட் வரை கேட்கிறது. இந்த அதிகப்படியில் ஒரு பங்கு கரைசலின் தடைக்குப் போகிறது. மீதியைத்தான் ஓவர்பொட்டன்ஷியல் என்கிறோம். அதிலும் பெரும்பகுதி ஆக்ஸிஜன் வருகிற பக்கத்தில் போகிறது, ஏனென்றால் அங்கே ஒரு மூலக்கூறு உருவாக நாலு எலக்ட்ரான் கைமாற வேண்டும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 26,600 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. ஃபாரடே விதி போட்ட கணக்கு அது, எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது வோல்ட் மட்டும். 1.8 வோல்ட் என்றால் கிலோவுக்கு 48 யூனிட் மின்சாரம். அதில் 0.1 வோல்ட் குறைத்தால் 2.7 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் கிலோவுக்குப் பதிமூன்று ரூபாய். இது நல்ல வேலைதான். நான் மறுக்கவில்லை.

இப்போது கெடுவதன் கணக்கைப் பாருங்கள். ஒரு செல்லின் மின்னழுத்தம் மணிக்கு வெறும் 10 மைக்ரோவோல்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். கிட்டத்தட்ட 88 மில்லிவோல்ட் ஏறிவிடும். பாடுபட்டு மிச்சம் பிடித்த 0.1 வோல்ட் அநேகமாக ஒரே வருஷத்தில் போய்விட்டது. அதே செல்லை லேபில் 24 மணி நேரம் ஓட்டினால் கால் மில்லிவோல்ட்கூட ஏறியிருக்காது. கோடு நேராக இருக்கும். நாமும் நிலைத்தன்மை அபாரம் என்று எழுதி அனுப்பிவிடுவோம். ஆலைக்காரர்கள் கேட்பதோ 60,000 மணி நேரத்துக்கும் மேல்.

இன்னொன்று. எல்லாப் பேப்பரிலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியரில் எவ்வளவு ஓவர்பொட்டன்ஷியல் என்று போடுகிறார்களே, அந்த 10 எங்கிருந்து வந்தது தெரியுமா? வெயிலைக் கொண்டு நேராகத் தண்ணீரைப் பிரிக்கும் கருவிக்காக வந்த அளவு அது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வெயில். 10 மில்லி ஆம்பியரை 1.23-ஆல் பெருக்கினால் 12.3 மில்லிவாட், அதாவது 12 சதவீதத்தை ஒட்டிய திறன். ஆலைகளில் இருக்கும் காரவகை எலக்ட்ரோலைசர் 200 முதல் 400 மில்லி ஆம்பியரில் ஓடுகிறது. 10-இல் ஜெயித்த வினையூக்கி 400-இல் ஜெயிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே குமிழிகள் மின்வாயை மூடும், ஒட்டவைத்த அடுக்கு உரிந்து வரும்.

நகரி_ஸ்காலர்

நான் ஆந்திரப் பக்கம், நகரி. திருப்பதியில் ஆராய்ச்சி செய்கிறேன். அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் முதல் தலைப்பை இவ்வளவு கீழே இறக்குவதை நான் ஏற்கவில்லை.

அமில வகை எலக்ட்ரோலைசரில் ஆக்ஸிஜன் பக்கத்துக்கு இன்னும் இரிடியம்தான் வேண்டியிருக்கிறது. உலகம் முழுவதும் வருஷத்துக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிற உலோகம் அது. அதை நம்பி எத்தனை எலக்ட்ரோலைசர் கட்ட முடியும்? மாலிப்டினம் சல்ஃபைடை ஹைட்ரஜன் வினைக்கு உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதன் ஓரங்கள்தான் வேலை செய்கின்றன என்று 2005-இலும் 2007-இலும் வந்த ஆய்வுகள் காட்டிய பிறகுதான் ஒரு துறையே திறந்தது. புதுப் பொருளைத் தேடாமல் இது நடந்திருக்குமா?

அதோடு, முதல் இரண்டு வருஷம் பொருள் தயாரிக்கக் கற்றுக்கொள்வது ரொம்ப முக்கியம். எக்ஸ்.ஆர்.டி., எக்ஸ்.பி.எஸ்., ராமன் என்று பொருள் எதனால் ஆனது என்று காட்டும் சோதனைகள் எல்லாம் கை பழக வேண்டும். கெடுவதைப் படிக்கிறவருக்கு, கெடுவதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டாமா?

பேப்பர் பயம் பற்றி ஒரு வார்த்தை. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறையில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் தனியாக வைத்திருக்கலாம், சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போஸ்ட்டாக், வேலை என்று போகும்போது பேப்பரைத்தான் பார்ப்பார்கள். இதை மறைக்கக் கூடாது.

ஷிஃப்ட்_இன்சார்ஜ் (பணி ஓய்வு)

நான் பேராசிரியர் இல்லை. குளோர்-ஆல்கலி ஆலையில் செல் ஹவுஸில் வேலை பார்த்தவன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுப்போம், கூடவே ஹைட்ரஜனும் வரும். எங்கள் கேத்தோடும் (ஹைட்ரஜன் வருகிற மின்வாய்) நிக்கல்தான், மேலே ருத்தேனியம் பூச்சு. அதனால் அந்தப் பெண்ணின் இரண்டாவது தலைப்பைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஓடும்போது கேத்தோடுக்குப் பெரிய கெடுதல் இல்லை. நிறுத்தும்போதுதான் கெடும். திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்கைக் கோத்த மாதிரி செல்கள் தொடராக இருக்கும். ஆனால் எல்லாச் செல்லுக்கும் கரைசல் ஒரே பைப்பிலிருந்து வருகிறது. செல்லுக்கு டி.சி. கரண்ட் கொடுக்கும் மெயின் ரெக்டிஃபையரை நிறுத்தியதும், மின்வாய்களில் தேங்கியிருக்கிற சக்தி அந்தக் கரைசல் வழியாகவே எதிர்த் திசையில் ஓட ஆரம்பிக்கும். ரிவர்ஸ் கரண்ட் என்போம். அதுவரை ஒடுக்கம் நடந்த கேத்தோடில் ஆக்ஸிகரணம் நடக்கும், பூச்சு கரையும். ஒரு தடவை நிறுத்தினால் தெரியாது. பல தடவை நிறுத்தி ஓட்டின செல்லில் வோல்ட் ஏறியிருப்பதை லாக் புக்கே காட்டும்.

அதற்காகவே போலரைசேஷன் ரெக்டிஃபையர் என்று சின்னதாக ஒன்று தனியே வைத்திருப்போம். மெயின் நின்றாலும் கொஞ்சம் கரண்டைச் செல்லுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் குளோரின் போகும் வரைக்கும். கரண்ட் போனால் ஷிஃப்டில் முதல் கேள்வியே போலரைசேஷன் வந்துவிட்டதா என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது இந்தியாவுக்குப் புதிது இல்லை. பஞ்சாபில் நங்கல் உர ஆலை 1960-களின் தொடக்கத்திலேயே பக்ரா அணை மின்சாரத்தில் பெரிய அளவில் எடுத்தது. அது அணை மின்சாரம், ராத்திரி பகல் ஒரே சீராக வரும். அந்தக் காலத்து எலக்ட்ரோலைசர் அனுபவம் எல்லாம் சீரான மின்சாரத்தில் வந்தது. நீங்கள் இப்போது காற்றில் ஓட்டப் போகிறீர்கள். எங்கள் ஆலையில் எப்போதாவது நடந்த ஷட்டவுன் உங்களுக்குத் தினமும் நடக்கும். இதைப் படிக்க ஆள் வேண்டும் அம்மா. நல்ல தலைப்பு.

எல்லைக்காற்று

ஐயா, ரொம்ப நன்றி. ரிவர்ஸ் கரண்ட் பற்றிப் பேப்பரில் படித்தேன், ஆனால் இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை. ஒரு சந்தேகம். எங்கள் லேபில் இருப்பது ஒற்றைச் செல். செல்லுக்கு மின்சாரம் கொடுத்து அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டை நிறுத்தினால் சுற்று திறந்துகொள்ளும், எதிர்க் கரண்ட் ஓட வழியே இல்லை. அப்படியானால் ஆலையில் நடப்பதை லேபில் எப்படிக் கொண்டுவருவது?

நிக்கல்நுரை

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். வெறுமனே ஆன்-ஆஃப் செய்துவிட்டு ஷட்டவுனைப் படித்தேன் என்று எழுதினால் அது செல்லாது. ஓட்டம் முடிந்ததும் இரண்டு மின்வாய்களையும் ஒரு தடை வழியாக இணைத்து, எதிர்க் கரண்டை வேண்டுமென்றே ஓடவிட வேண்டும். அல்லது கேத்தோடின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மேலே கொண்டுபோக வேண்டும். எந்த மின்னழுத்தத்தைத் தாண்டினால் சேதம் தொடங்குகிறது என்பதே உங்கள் முதல் அத்தியாயம் ஆகலாம். கேத்தோடில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆகிறது. அது ஓர் அளவு வரை திரும்ப நிக்கலாகும், அதற்கு மேல் போனால் திரும்பாது. அந்த எல்லை எங்கே, வெப்பநிலை ஏறினால் எப்படி நகர்கிறது என்பதை ஒழுங்காக அளந்தவர்கள் குறைவு.

எந்தத் தலைப்பாக இருந்தாலும் முதல் நாளிலிருந்து பழக வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இதை யாராவது உங்களுக்கு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

ஹைட்ரஜன் வினையை அளக்கும்போது கவுன்டர் எலக்ட்ரோடாக, அதாவது சுற்றை முடிக்கும் துணை மின்வாயாக, பிளாட்டினக் கம்பியை வைக்காதீர்கள். அது மெதுவாகக் கரைந்து உங்கள் மின்வாய் மேல் வந்து படியும். நாள் ஆக ஆக வினையூக்கி நன்றாகிக்கொண்டே போவது போலத் தெரியும். வேலை செய்வது பிளாட்டினம், பெயர் உங்கள் நிக்கலுக்கு. கிராஃபைட் கம்பி வையுங்கள்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு கொஞ்சம் கலந்திருக்கும், ஆய்வகத்துக்கென்று தூய்மையாக விற்கும் ஏ.ஆர். கிரேடு பாட்டிலிலும்தான். அந்தத் துளி இரும்பு நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள் புகுந்து ஆக்ஸிஜன் வினையை எங்கோ தூக்கிவிடும். இரும்பின் வேலையை நிக்கலின் வேலை என்று பல வருஷம் நம்பியிருந்தார்கள். 2014-இல் அமெரிக்க வேதியியலாளர் பாட்ச்சரின் குழு அதைப் பிரித்துக் காட்டியது. கரைசலை நிக்கல் ஹைட்ராக்சைடு பொடியோடு குலுக்கி இரும்பை உறிஞ்ச வைக்கும் முறை இருக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள். கண்ணாடி பீக்கரும் ஆகாது, காரம் கண்ணாடியை அரித்து அதில் இருப்பதையெல்லாம் கரைசலில் சேர்த்துவிடும். டெஃப்லான் அல்லது பாலிப்ரொப்பிலீன் செல் வாங்கச் சொல்லுங்கள். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் மின்வாய்க்கு மெர்குரி-மெர்குரி ஆக்சைடு. வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடு காரத்தில் நாள்பட நகர்ந்துவிடும்.

கடைசியாக, ஐ.ஆர். திருத்தம், அதாவது கரைசலின் தடையில் போகும் வோல்ட்டைக் கழிப்பது. கரைசலின் தடை 1 ஓம் என்றால் 10 மில்லி ஆம்பியரில் 10 மில்லிவோல்ட்தான் போகும். அரை ஆம்பியரில் அரை வோல்ட் போய்விடும். திருத்தத்தில் 5 சதவீதம் கூடக்குறையப் போட்டால் 25 மில்லிவோல்ட் மாறிவிடுகிறது. ஒரு வினையூக்கி இன்னொன்றைவிட 20 மில்லிவோல்ட் நல்லது என்று வருகிற பேப்பர்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள். எத்தனை சதவீதம் திருத்தினோம் என்று எழுதாத பேப்பரை நான் நம்புவதில்லை.

பெருமாட்டி_விவசாயி

இங்கே எல்லாரும் வோல்ட் பேசுகிறீர்கள், தண்ணீரை யாரும் பேசவில்லை. நான் பெருமாட்டி பஞ்சாயத்து. பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கம். 2000-இல் குளிர்பான ஆலை வந்தது, 2002-இல் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போராட்டம் தொடங்கியது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. முன்னால் நின்றவர்கள் எரவாளர் பெண்கள், தமிழ் பேசுகிறவர்கள். பச்சை என்று பெயர் வைத்தால் போதுமா? தண்ணீரைப் பிரித்துத்தானே அந்த ஹைட்ரஜன் வரப் போகிறது? நீங்கள் படித்து முடித்து வரும்போது எங்கள் போர்வெல்லைத்தான் கேட்பார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

எல்லைக்காற்று

அண்ணா, நீங்கள் கேட்டது நியாயம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் வினையிலேயே செலவாகும். சுத்திகரிப்பில் கழிவது, குளிர்விக்க வேண்டியது எல்லாம் சேர்ந்தால் 20 லிட்டரைத் தாண்டும். 25 என்று வைக்கிறேன். 1 மெகாவாட் எலக்ட்ரோலைசர் நாள் முழுக்க ஓடினால் சுமார் 460 கிலோ. அதற்கு 11,500 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி.

நாட்டு அளவில், தேசியப் பச்சை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன். அதே 25 லிட்டர் கணக்கில் சுமார் 4.4 டி.எம்.சி. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி நம் சிற்றூர்ப்புழைக்கு வருஷம் தர வேண்டியது 7.25 டி.எம்.சி. நாடு முழுவதற்கும் ஆவது நம் ஆற்றுப் பங்கைவிடக் குறைவு.

பெருமாட்டி_விவசாயி

கணக்கு நாட்டுக்குச் சரி. ஆனால் நாடு முழுக்கப் பரப்பி எடுக்க மாட்டார்களே. ஆலை ஒரு இடத்தில் வரும், அந்த இடத்துக் கிணறுதான் வற்றும். 100 மெகாவாட் வந்தால் தினமும் நூறு லாரி. அந்த 7.25-ஐ முழுசாக வாங்கவே வருஷா வருஷம் எங்கள் விவசாயிகள் கத்த வேண்டியிருக்கிறது. நீ படி கண்ணு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வேட்டில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு பக்கமாவது எழுது.

நகரி_ஸ்காலர்

கடல் தண்ணீரை நேராகப் பிரிக்க முடியுமா என்று பலர் பார்க்கிறார்கள் அண்ணா. ஆனோடில் ஆக்ஸிஜனுக்குப் பதில் குளோரின் வந்துவிடுவதும், கேத்தோடில் மெக்னீசியம், கால்சியம் படிவதும் பெரிய தொல்லை. உப்பை முதலில் நீக்கிவிட்டுச் சாதாரண எலக்ட்ரோலைசரில் விடுவதே இப்போதைக்கு மலிவு, ஏனென்றால் உப்பு நீக்க ஆகிற மின்சாரம் பிரிக்க ஆவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே ஆலை கடற்கரையில் இருப்பதே முறை. உள்நாட்டுக் கிணற்றை நம்பி இதைக் கட்டக் கூடாது. இதில் நான் உங்கள் பக்கம்.

வண்ணாமடை_டீச்சர்

வேதியியல் எனக்குத் தெரியாது. பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜே.ஆர்.எஃப். இப்போது மாதம் 37,000. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மதிப்பீடு முடிந்தால் 42,000, எச்.ஆர்.ஏ. தனி. ஐந்து வருஷத்தோடு உதவித்தொகை நின்றுவிடும். அந்த ஐந்துக்குள் முடிகிற மாதிரி தலைப்பை அளந்து எடு. வீட்டில் கல்யாணப் பேச்சு வரும். அப்போது எப்போது முடியும் என்பதற்கு உன்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

நகரி_ஸ்காலர்

டீச்சர் சொன்னதை வைத்து ஒரு யோசனை. நிக்கல்-இரும்பு இரட்டை ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். காரத்தில் ஆக்ஸிஜனுக்கு அதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை, செய்யவும் எளிது. உங்கள் சீனியர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதையும், அவர்கள் செய்த சல்ஃபைடில் ஒன்றையும், வெறும் நிக்கலையும் ஒரே ஆன்-ஆஃப் சோதனையில் போடுங்கள். சல்ஃபைடு ஆனோடில் சல்ஃபைடாகவே நிற்காது, மேல்புறம் ஆக்ஸிஹைட்ராக்சைடாக மாறிவிடும் என்பது இப்போது பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். நிறுத்தி ஓட்டும்போது அந்த மாற்றம் எவ்வளவு வேகமாகிறது என்பதே முதல் பேப்பர். லேபின் பழைய வேலையும் வீணாகாது, கைடும் சம்மதிப்பார்.

வேலைக்கும் இது உதவும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற அந்தத் தேசியப் பச்சை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ஒதுக்கினார்கள். அதில் 17,490 கோடி எலக்ட்ரோலைசர் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்கும் ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கு வெறும் 400 கோடி. நாளைக்கு ஆள் எடுக்கப் போவது எலக்ட்ரோலைசர் செய்கிற கம்பெனிகள். அவர்கள் பத்து வருஷ வாரண்டி தர வேண்டும் என்றால் கெடுவதைப் படித்தவர்தான் வேண்டும். நான் முதலில் எழுதியதைவிட இப்போது இரண்டாவது தலைப்பை நோக்கி நகர்ந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது தலைப்பைத்தான் எடுக்கப் போகிறேன், நகரி அண்ணா சொன்ன வழியில். மூன்று மின்வாய்கள், ஒரே சோதனை, 300 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல். பெருமாட்டி அண்ணா, தண்ணீருக்கு ஒரு பக்கம் இல்லை, முன்னுரையில் ஒரு பகுதியே எழுதுகிறேன். அப்பாவிடமும் பேசிவிட்டேன், ஐந்து வருஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்சார்ஜ் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஆலையில் பல வருஷம் ஓடிக் கழித்துப் போட்ட கேத்தோடு மெஷ் ஒரு துண்டு கிடைக்குமா? லேபில் நான் வேகமாகக் கெடவைப்பதும் நிஜத்தில் மெதுவாகக் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ் (பணி ஓய்வு)

கேட்டுப் பார்க்கிறேன் அம்மா. உங்கள் கைடு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தால் எளிது, ஸ்கிராப் என்றாலும் கேட் பாஸ் இல்லாமல் வெளியே வராது. எத்தனை வருஷம் ஓடியது, எத்தனை ஷட்டவுன் பார்த்தது என்று லாக் புக்கிலிருந்து குறித்து வாங்குகிறேன். அது இல்லாமல் மெஷ்ஷை மட்டும் வைத்து உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எங்களுடையது ருத்தேனியம் பூச்சு, அதில் பயம் இல்லை. காரவகை எலக்ட்ரோலைசரில் சில இடங்களில் ரேனி நிக்கல் பூச்சு, அதாவது நுண்துளைகள் நிறைந்த நிக்கல் பூச்சு, போடுவார்கள். அப்படிப்பட்ட துண்டு வேறெங்காவது கிடைத்தால் ஈரத்தோடுதான் வைக்க வேண்டும். காய்ந்தால் காற்றுப் பட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி, மூடி மேல் எழுதி ஒட்டிவிட்டு அப்புறம் ஃப்யூம் ஹூடில் வையுங்கள்.